பூச்சோங் குப்பை மேட்டில் பிறந்த மின்சாரம்

சிலாங்கூர் மாநிலத்தில் மின்சாரம் வந்த சரித்திரத்தை எழுதப் புகும் எவரும் ரவாங்கிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். 1894-ஆம் ஆண்டு, கோலாலம்பூர் வீதிகளில் எண்ணெய் விளக்குகளே மினுங்கிக்கொண்டிருந்த காலத்தில், லோக் யூ என்ற சீனப் பெருவணிகரும் தம்புசாமிப் பிள்ளை என்ற தமிழ்ப் பெருமகனும் கூட்டாக நடத்திய ஈயச் சுரங்கத் தொழிலுக்காக அவ்வூரில் ஒரு மின் இயந்திரத்தை நிறுவினார்கள். அந்த இயந்திரத்தின் பயனாக, மலாயாவிலே முதன்முதலில் தெருவில் மின்விளக்கு எரிந்த ஊர் என்ற கீர்த்தி ரவாங்கிற்கு வாய்த்தது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தை ஸ்தாபித்தவர் என்றும், பத்துமலை முருகன் சந்நிதிக்கு வித்திட்டவர் என்றும் நாம் போற்றும் அதே தம்புசாமிப் பிள்ளைதான் இந்நாட்டின் முதல் மின்விளக்குகளுக்கும் காரணபுருஷராக இருந்தார் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்று எண்ணும்போது மனத்திலே வருத்தமே மிஞ்சுகிறது. ரவாங்கிற்கு அடுத்த ஆண்டு கோலாலம்பூர் ரயில் நிலையம் மின்னொளி பெற்றது; 1905-ஆம் ஆண்டு கோம்பாக் ஆற்றுநீரின் வேகம் விளக்கு எரிக்கப் பயன்பட்டது; பிறகு பத்து ஆராங் நிலக்கரி பங்சார் மின் நிலையத்தின் கொதிகலன்களை இயக்கிற்று; 1950-களில் கிள்ளானில் கன்னாட் பிரிட்ஜ் நிலையம் எழுந்தது; எங்கள் ஊராகிய மேருவிற்கு அண்டையிலே, காப்பார் கடற்கரையில், 2,420 மெகாவாட் சக்தியோடு எழுந்த பெருநிலையம் ஒன்று புகைபோக்கிகளை உயர்த்தி நிற்கிறது.

நீர், நிலக்கரி, எண்ணெய், இயற்கை வாயு என்று வரும் இந்த வரிசையில், யாரும் எதிர்பாராத ஓர் எரிபொருள் 2004-ஆம் ஆண்டு பூச்சோங்கில் வந்து சேர்ந்தது. அது மக்கள் வீசியெறிந்த குப்பையிலிருந்து தானாகவே பிறந்த வாயு. அதன் கதையைச் சொல்வதற்கு முன், அந்தக் குப்பையைச் சுமந்தவர்களின் கதையைச் சொல்வதே முறை.

கோலாலம்பூரில் சுகாதார வாரியம் என்ற சானிட்டரி போர்டு 1890-ஆம் ஆண்டு அமைந்தது. தீயும் வெள்ளமும் 1881-இல் அத்தாப்புக் கூரைகளாலான பழைய ஊரை அழித்தபின், செங்கல்லாலும் ஓட்டாலும் ஊரைத் திரும்பக் கட்ட வேண்டும் என்ற ஆணை பிறந்து, அதற்கான சூளைகள் எரிந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது அனைவரும் அறிந்ததே. ஊர் கல்லாக மாறியது. ஆனால் கல்வீட்டிலும் அடுப்பங்கரை உண்டு, அடுப்பங்கரையிலே கழிவும் உண்டு. அக்கழிவை விடியுமுன் மாட்டுவண்டிகளில் அள்ளிச் செல்லும் வேலைக்கும், அதைவிடக் கொடிதான மலக்கூடை சுமக்கும் வேலைக்கும், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த எளிய குடும்பங்களே பெரும்பாலும் அமர்த்தப்பட்டன. ரயில்வே தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே நகரத் துப்புரவுத் தொழிலாளர்களின் குடியிருப்புகளும் வளர்ந்தன. ரப்பர்த் தோட்டத்துப் பாட்டாளியைப் பற்றி நாவல்களும் சிறுகதைகளும் நாட்டுப்பாடல்களும் நம்மிடையே ஏராளமாக உண்டாகியிருக்க, நகரின் அழுக்கைச் சுமந்தவனைப் பற்றி நம் எழுத்தில் பதிவானது மிகச் சொற்பம். இது நம் இலக்கியத்தின் குறை என்றே நான் கருதுகிறேன். அவன் சுமந்திராவிட்டால் இந்த நகரம் ஒரு மழைக்காலத்தைக்கூடக் கொள்ளைநோயின்றிக் கடந்திருக்காது.

அள்ளிய குப்பை எங்கே போயிற்று? ஈயம் தோண்டிய பிறகு பள்ளமாய்க் கிடந்த லம்பங்களிலும், சதுப்பு நிலங்களிலும், ஆற்றங்கரைகளிலும் கொட்டப்பட்டது. கொட்டினார்கள், மண் போட்டார்கள் அல்லது போடாமலே விட்டார்கள், மேலே மேலே குவித்தார்கள். நகரம் விரிய விரிய மேடும் நகர்ந்தது: ஒரு தலைமுறைக்கு ஊர்ப்புறமாக இருந்த இடம் அடுத்த தலைமுறைக்கு வீட்டுமனையாயிற்று. கெப்போங்கிற்கு அருகே தாமான் பெரிங்கின் மேட்டில் கோலாலம்பூரின் குப்பை பல ஆண்டுகள் குவிந்தது. அடியில் தடுப்பு எதுவும் இல்லாத அப்படிப்பட்ட மேடுகளிலிருந்து கறுத்த ஊனீர் கசிந்து ஓடைகளில் கலந்ததையும், இரவில் சில இடங்களில் தானாகவே தீப்பற்றிக்கொண்டதையும் பக்கத்துக் குடியிருப்பாளர்கள் அறிந்தே இருந்தார்கள்.

அந்தத் தீ எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில்தான் நம் விஷயத்தின் மூலம் இருக்கிறது. சோறு, மீன்முள், காய்கறித் தோல், வாழையிலை, காகிதம் ஆகிய அனைத்தும் மண்ணுக்குள் அமுங்கியவுடன், முதலில் உள்ளே சிக்கிய காற்றிலுள்ள பிராணவாயுவைச் சில நாட்களிலே நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. பிராணவாயு தீர்ந்த இருளிலே, அது இல்லாமலே வாழவல்ல வேறு வகை உயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. அவை முதலில் அமிலங்களை உண்டாக்குகின்றன, பின்னர் அந்த அமிலங்களிலிருந்து மீத்தேன் என்னும் எரிவாயுவை விளைவிக்கின்றன. குப்பை மேட்டிலிருந்து எழும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன்; மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு; கொஞ்சம் நீராவியும், மூக்கைத் துளைக்கும் கந்தக வாயுக்களும் அதில் கலந்திருக்கின்றன. நம் நாட்டில் வீட்டுக் குப்பையின் எடையில் ஏறத்தாழப் பாதி உணவுக் கழிவாக இருப்பதாலும், வெப்பமும் மழையும் ஆண்டு முழுவதும் குறையாததாலும், குளிர் தேசங்களில் பல பத்தாண்டுகளில் நடைபெறும் சிதைவு இங்கே வெகு விரைவாக நடந்து முடிகிறது. விரைவில் எழுந்து விரைவில் அடங்கும் இவ்வாயுவிற்குக் காத்திருக்கும் குணம் கிடையாது. பிடிக்காமல் விட்டால் அது ஆகாயத்தில் கலந்து, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடேற்றுகிறது.

அதைவிடக் கொடிய விளைவும் உண்டு. 2005-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இந்தோனேசியாவின் பண்டுங் நகரருகே லெவிகாஜா என்ற மேடு மழையில் நனைந்து சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரை விழுங்கிற்று. உள்ளே அடைபட்டிருந்த வாயு வெடித்ததும் அதற்கொரு காரணமென்று கூறப்பட்டது. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், தமிழரும் சிங்களரும் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த அன்றே, கொழும்பின் மீத்தொட்டமுல்லைக் குப்பை மேடு இடிந்து வீடுகளின் மேல் விழுந்து 32 உயிர்களைப் பலிகொண்டது. குப்பை மேட்டைக் கவனியாமல் விடுவதன் விலை என்னவென்று அறிய இந்த இரண்டு நிகழ்ச்சிகளே போதும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த நிலை மாறத் தொடங்கியது 1995-ஆம் ஆண்டில். பூச்சோங்கிலே ஆயர் ஹீத்தாம் என்ற இடத்தில், அடியில் தடுப்பு விரிப்பு, ஊனீரைச் சேகரிக்கும் குழாய்கள், அன்றாடம் மண்மூடல், வாயுவை வெளியேற்றும் கிணறுகள் ஆகிய ஏற்பாடுகளோடு, நாட்டிலேயே முதன்முதலாகப் பொறியியல் முறைப்படி அமைந்த குப்பைக் கிடங்கு திறக்கப்பட்டது. அதைச் சூழ்ந்த பூமியின் சரித்திரமும் அறியத்தக்கது. ஆயர் ஹீத்தாம் வனம் 1906-ஆம் ஆண்டு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது 4,200 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. வீடமைப்பும் சாலைகளும் தின்றது போக இன்று ஏறக்குறைய 1,200 ஹெக்டேர்தான் எஞ்சியிருக்கிறது. அந்த எஞ்சிய வனத்தைச் சிலாங்கூர் அரசு கல்விக்கும் ஆராய்ச்சிக்குமாக ஒரு சர்வகலாசாலையின் வசம் ஒப்படைத்தது. அச்சர்வகலாசாலை வேறெதுவுமன்று, 1931-ஆம் ஆண்டு செர்டாங்கில் ஒரு விவசாயப் பள்ளியாகத் தோன்றி, 1947-இல் கல்லூரியாகி, 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 1997-இல் மலேசிய புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் பூண்ட கலாசாலைதான். ஆகவே ஒரே நிலப்பரப்பில் நகரத்தின் குப்பை மேடும் ஒரு கலாசாலையின் வனமும் அண்டை அயலாக அமைந்தன. கலாசாலையின் பிரதான வளாகமும் சில மைல்களுக்குள்ளேதான் இருந்தது.

2001-ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு சிறு அளவிலான புதுப்பிக்கத்தக்க மின்சாரத் திட்டமொன்றை வெளியிட்டது. செம்பனைக் கழிவு, மரக்கழிவு, சிற்றாறுகள், குப்பை வாயு ஆகியவற்றிலிருந்து மின்சாரம் எடுப்போர் அதைத் தேசிய மின் நிறுவனமாகிய தெனாகா நேஷனலுக்கு விற்கலாம் என்பது அதன் சாராம்சம். பலர் விண்ணப்பித்தனர்; வெகு சிலரே செய்து காட்டினர். அந்தச் சிலரில் முற்பட்டதாக நின்றது, தெனாகா நேஷனலின் துணை நிறுவனமாகிய ஜானா லேண்ட்ஃபில், 2004-ஆம் ஆண்டு ஆயர் ஹீத்தாம் மேட்டிலே இயக்கிய சுமார் 2 மெகாவாட் சக்தியுள்ள நிலையம். குப்பை வாயுவிலிருந்து எடுத்த மின்சாரம் மலேசியாவின் பொதுக் கம்பிகளில் பாய்ந்தது அதுவே முதல் முறை.

அந்த நிலையம் வேலை செய்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். வாசகர்களுக்கு இதிலே சுவாரஸ்யமுண்டு என்று நம்புகிறேன். மேட்டின் நெஞ்சுவரை துளைபோட்டு, பக்கங்களில் ஓட்டைகளுள்ள குழாய்களை இறக்குகிறார்கள். குழாயைச் சுற்றிலும் சரளைக்கல் நிரப்புகிறார்கள். பல கிணறுகளின் தலைகளையும் ஒரு பெருங்குழாயோடு இணைத்து, அதன் கோடியில் ஓர் உறிஞ்சும் விசிறியை வைக்கிறார்கள். அளவறிந்து உறிஞ்சுவதில்தான் தொழில் நுணுக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குறைவாக உறிஞ்சினால் வாயு பக்கவாட்டில் கசிந்து வீணாகிறது. அதிகமாக உறிஞ்சினாலோ மேலிருந்து காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பிராணவாயுவைக் கண்டால் மடியும் அந்த நுண்ணுயிர்கள் செத்து, வாயுப் பிறப்பே நின்றுபோகிறது, சில வேளை அடியில் தீயும் மூள்கிறது. ஆகையால் ஒவ்வொரு கிணற்றின் வால்வையும் ஊழியர் மேட்டின்மீது நடந்து சென்று, வாயுவை அளந்து, திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் பூமியிலே கிணறுகளில் ஊனீர் தேங்கி வாயுவின் வழியை அடைத்துக்கொள்வது வேறொரு தொல்லை. வெளியே வந்த வாயுவைக் குளிரவைத்து ஈரம் நீக்கி, இரும்பை அரிக்கும் கந்தகத்தைக் குறைத்து, அதன் பிறகே எஞ்சினுக்குள் விடுகிறார்கள். இயற்கை வாயுவோடு ஒப்பிட்டால் இதன் உஷ்ணசக்தி பாதிதான். ஆயினும் இதற்கென்றே அமைத்த எஞ்சின் இதை எரித்து ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. எஞ்சின் பழுதானாலோ வாயு மிகுந்தாலோ, மிச்சத்தை ஓர் உயர்ந்த குழாயின் உச்சியில் எரித்துவிடுகிறார்கள்.

காப்பார் நிலையத்தின் 2,420 மெகாவாட்டுக்கு முன்னே இந்த 2 மெகாவாட் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதனால் நாட்டின் மின்சாரப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொல்வது உண்மையன்று. ஆனால் காப்பாருக்கு நிலக்கரி வர வேண்டுமானால் கடல் கடந்து கப்பல் வர வேண்டும். பூச்சோங்கின் எரிபொருளோ கோரப்படாமலே, நிறுத்தவும் முடியாமல், காலடியிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்தது லாபம் ஒன்று. ஆகாயத்தில் விடாமல் காத்தது லாபம் இரண்டு.

2006-ஆம் ஆண்டின் இறுதி நாளோடு ஆயர் ஹீத்தாம் மேட்டிலே குப்பை கொட்டுவது நின்றது. சுற்றிலும் புதிய வீடமைப்புகள் எழுந்துவிட்டன. துர்நாற்றத்தைப் பற்றிய முறையீடுகள் ஓயவில்லை. மேடு மூடப்பட்டு, புல் போர்த்தப்பட்டு, பின்னர் மக்கள் உலவும் பூங்காவாகவும் ஆயிற்று. உள்ளே வாயு மட்டும் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே பிறந்தது. 1995-இல் திறந்த மேட்டிலே 2004-இல்தான் எஞ்சின் ஓடத் தொடங்கியது என்பதை நினைத்தால், இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளின் வாயுவில் எவ்வளவு பயனின்றிப் போயிற்று என்ற ஏக்கம் எழாமலிருக்காது.

அந்த மின்சாரம் பொதுக் கம்பியில் கலந்து எந்த வீட்டு விளக்கிலே எரிந்தது என்று பிரித்தறிய முடியாதபடி கரைந்துபோயிற்று. பக்கத்திலிருந்த கலாசாலைக்கென்று ஒரு குழாயோ ஒரு கம்பியோ நேரே செல்லவில்லை. அப்படி நேரே கொண்டுசென்றிருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகமே விடை. குப்பை வாயுவை வியாபார அளவில் மீட்கும் வேலை அந்நாட்டில் 1975-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பாலோஸ் வெர்டேஸ் மேட்டிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும் ஒரு சர்வகலாசாலை முழுவதையும் பிரதானமாக அவ்வாயுவினாலே நடத்த முனைந்த பெருமை டர்ஹம் என்ற சிற்றூரிலுள்ள நியூஹாம்ப்ஷயர் கலாசாலையையே சாரும். அது 2006-இல் மின்சாரத்தையும் வளாகத்தைச் சூடாக்கும் வெப்பத்தையும் ஒருங்கே உண்டாக்கும் நிலையமொன்றை முதலில் கட்டிக்கொண்டது. பிறகு ராச்செஸ்டர் ஊரிலிருந்த டர்ன்கீ குப்பை மேட்டிலிருந்து 12.7 மைல் நீளத்திற்குப் பூமிக்கடியில் குழாய் பதித்து, வாயுவை மேட்டருகிலேயே சுத்திகரித்து, 2009-ஆம் ஆண்டு அந்நிலையத்திற்குள் பாய்ச்சிற்று. ஏறத்தாழ 49 மில்லியன் டாலர் செலவான அத்திட்டம், வளாகத்தின் வெப்பத்திலும் மின்சாரத்திலும் 85 விழுக்காடு வரையில் அளிக்கும்படி வகுக்கப்பட்டது. நிலையம் முதலில், வாயு பின்னர் என்ற அந்தக் கிரமத்தை நான் சிறப்பாகக் கவனிக்கிறேன். வாங்கிக்கொள்ளத் தயாராக ஒரு கை நீண்டிருந்ததால்தான், வாயு அங்கே வீணாகாமல் வந்து சேர்ந்தது.

ஆயர் ஹீத்தாம் மூடப்பட்ட பிறகு பள்ளத்தாக்கின் குப்பை இரு திசைகளில் பிரிந்தது. கோலாலம்பூரின் குப்பை தாமான் பெரிங்கினில் பெரிய லோரிகளுக்கு மாற்றப்பட்டு, வடக்கே உலு சிலாங்கூரில் 2005-ஆம் ஆண்டு திறந்த புக்கிட் தாகார் கிடங்கிற்குப் போகிறது. அக்கிடங்கு ஒரு தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தோட்டத்தையும் அதன் அண்டைத் தோட்டங்கள் நான்கையும் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள், தோட்டங்கள் கைமாறியபின், தமக்கென்று வாக்களிக்கப்பட்ட வீடுகளுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த வரலாறு மலேசியத் தமிழர் யாவரும் பத்திரிகைகளில் படித்ததே. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் அந்தப் பூமியை வளப்படுத்தியவர்கள் கூரைக்காகக் காத்திருக்க, அப்பூமியின் பெயராலே நகரத்தின் கழிவு சேமிக்கப்பட்டது. இதை எழுதும்போது மனம் பொறுக்கவில்லை. புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டம் 2011-ஆம் ஆண்டு வந்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் இத்தகைய மின்சாரத்திற்கு நிச்சய விலை கிடைக்கத் தொடங்கியபின், புக்கிட் தாகாரிலும் எஞ்சின்கள் ஓடுகின்றன.

மற்றொரு திசை எங்களுடையது. கிள்ளான், ஷா ஆலாம் முதலிய ஊர்களின் குப்பை, கோலசிலாங்கூர் மாவட்டத்தில் 2007-ஆம் ஆண்டு திறந்த ஜெராம் கிடங்கிற்குச் சென்றது. அந்நிலமும் முன்னே செம்பனைத் தோட்டமே. மேருவிலிருந்து காப்பார் வழியாக வடக்கே போகும் சாலையில் அதிகாலையில் பயணம் செய்பவர்கள், வரிசையாகச் செல்லும் லோரிகளின் வாடையைக் கொண்டே அவை போகுமிடத்தை அறிவார்கள். அந்த லோரிகளின் பின்புறத்தில் தொங்கிக்கொண்டு செல்லும் வேலையை இன்று வங்காள தேசத்தவரும் நேபாளியரும் செய்கிறார்கள். முன்பு நம் பாட்டன்மார் செய்த வேலை அது. ஜெராமில் குப்பையை எரித்தே மின்சாரம் எடுக்கும் ஆலைத் திட்டமும் அண்மையில் எழுந்திருக்கிறது. ஆயினும் இதுவரை புதைத்தது புதைத்ததுதான். அதிலிருந்து வாயு பிறப்பதை எந்த ஆலையும் நிறுத்தப் போவதில்லை.

இந்த ஜெராமிற்கும் எங்கள் மேருவிற்கும் அண்டைப் பிரதேசத்திலேதான் புஞ்சாக் ஆலாம் இருக்கிறது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விசாலமான வளாகமொன்று அங்கே ஆயிரக்கணக்கான மாணவர்களோடு இயங்குகிறது. கிடங்கிற்கும் வளாகத்திற்கும் உள்ள தூரம் நியூஹாம்ப்ஷயரார் பதித்த குழாயின் நீளத்தைவிடக் குறைவு. அதே பல்கலைக்கழகம் பகாங் மாநிலத்தின் கம்பாங்கிலே 50 மெகாவாட் சூரிய மின் நிலையமொன்றை 2019-ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. ஆகவே மின்சாரம் உண்டாக்குவது கலாசாலையின் வேலையன்று என்ற ஆட்சேபத்திற்கு இனி இடமில்லை. குளிர் தேசத்திலே வளாகத்தைச் சூடாக்கப் பயன்பட்ட எஞ்சின் வெப்பம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். வெப்பத்தைக் கொண்டே நீரைக் குளிரவைக்கும் இயந்திரங்கள் இன்று வழக்கத்தில் உள்ளன. நூல் நிலையத்தையும் வகுப்பறைகளையும் பகல் முழுவதும் குளிரூட்டும் நம் வளாகங்களுக்கு, அடுப்பு வேண்டிய தேசத்தாரைவிட இது அதிகமாகவே பயன்படும்.

நம் சர்வகலாசாலைகளின் ஆட்சிக் குழுவினரையும், சிலாங்கூர் மாநில அரசையும், நகராண்மைக் கழகங்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஜெராம் மேட்டிலிருந்து ஆண்டுதோறும் எழும் வாயுவின் அளவைப் பொதுமக்கள் அறியும்படி வெளியிடுங்கள், பொறியியல் மாணவர்களை அம்மேட்டின்மீது நடக்கவிட்டு, கிணறுகளை அளக்கப் பழக்குங்கள், குழாய் பதிப்பதற்குரிய ஆய்வை வாயு வற்றுவதற்கு முன்னே, இந்த ஆண்டிலேயே தொடங்குங்கள்.